இரண்டு லட்சத்தில் முதல் கார்: வேகன்-ஆர் வாங்கிப் பெயர் மாற்றிய அனுபவம்

முதல் காருக்கு வீட்டில் ஒதுக்க முடிந்தது இரண்டு லட்சம்தான். பெட்ரோல் வண்டியாக இருக்கணும், பார்ட்ஸ் எந்த ஊரிலும் கிடைக்கணும், தெருமுனை மெக்கானிக்குக்கே அத்துப்படியாக இருக்கணும் என்று பார்த்துப் பார்த்து 2012 மாடல் மாருதி வேகன்-ஆரில் வந்து நின்றோம். 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பழைய வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினார்களோ என்ற கவலை இல்லை.

திருச்சியில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்குகளில் நின்ற வண்டிகள் எல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளவென்றுதான் இருந்தன. ஒன்றில் மீட்டர் நாற்பத்தைந்தாயிரம் காட்டியது, ஆனால் பிரேக் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது, அவ்வளவு குறைவாக ஓடிய வண்டி மாதிரியே இல்லை. கூட வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் காய்ந்த சேறு கோடு கட்டியிருந்தது. "தண்ணில நின்ன வண்டி தம்பி, எல்லாத்தையும் கழுவுவாங்க, இதை மட்டும் யாரும் கழுவ மாட்டாங்க" என்றார். இன்று யார் பழைய கார் பார்க்கப் போனாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவருக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

கடைசியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் நேரடியாகவே வாங்கினோம், சிங்கிள் ஓனர். காலையில் நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் சார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஏனென்றால் சூடான இன்ஜின் பல கோளாறுகளை மறைத்துவிடும். ஒரே செல்ஃபில் எடுத்தது, புகை இல்லை, ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் அடியில் பால் மாதிரி வெள்ளைப் படிவும் இல்லை. டயரில் மட்டும் 2317 என்று இருந்தது, அதாவது 2017-ன் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கு டயருக்கான காசை விலையில் கழித்துக்கொண்டார்.

வண்டி சரி, பேப்பரில்தான் இழுத்தது. வண்டிப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்தால் வங்கியின் ஹைப்போதிகேஷன் (எச்பி), அதாவது கடனுக்காக வண்டி மேல் போட்ட அடமானப் பதிவு, அப்படியே இருந்தது. கடனை எப்போதோ கட்டி முடித்திருக்கிறார், ஆனால் எச்பி கேன்சல் செய்யவில்லை. நிறைய பழைய வண்டிகளில் இதே கதைதான். வங்கியில் புதிதாக என்ஓசியும் (தடையில்லாச் சான்று) எச்பி நீக்குவதற்கான பார்ம் 35-இல் கையெழுத்தும் வாங்கி, ஆர்டிஓ ஆபீஸில் அது நீங்கிய பிறகுதான் முழுப் பணத்தைக் கொடுத்தேன், அதுவரை அட்வான்ஸோடு சரி. பாக்கி சலான் (கட்டாத போக்குவரத்து அபராதம்) இருக்கிறதா என்பதையும் அதற்குள் பார்த்துவிட்டோம்.

"பெயர் மாத்தற பார்ம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன், நீங்க மெதுவா மாத்திக்குங்க" என்று சார் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பெயர் மாறும்வரை விபத்து நடந்தால் நஷ்டஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னதும், அவரே என்னைவிட வேகமாகக் கிளம்பிவிட்டார். விற்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கணும். கிளெய்ம் எதுவும் கேட்காததற்காக அவர் சேர்த்து வைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், நமக்கு வராது, அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை, அதனால் பிரீமியத்தில் கொஞ்சம் கூடக் கட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு செலவு மிச்சம் இருக்கிறது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான், எங்களுடையது 2027-இல் முடிகிறது. வண்டியைக் காட்டிப் புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம் ஓட்டலாம். அந்தக் கட்டணம், பசுமை வரி, அதற்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங் எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் விலை பேசினேன், 2011, 2012 மாடல் பார்க்கிறவர்கள் நீங்களும் அப்படியே பேசுங்கள்.