சுட்டது துப்பாக்கி, அழித்தது சாஃப்ட்வேர்

பழைய படங்களின் ஸ்கேனை வாங்கி, அதிலுள்ள கீறல், தூசு, கறை எல்லாவற்றையும் நீக்கித் தருவது என் வேலை. இது சென்னையில் நடக்கிறது என்பதே பலருக்கு ஆச்சரியம். ஹாலிவுட்டிலும் ஐரோப்பாவிலும் குளிரூட்டிய அறைகளில் கிடக்கும் நெகட்டிவ்கள் ஃபைல்களாக இங்கே வந்து, ஃபிரேம் ஃபிரேமாகத் துடைக்கப்பட்டுத் திரும்பிப் போகின்றன. விநாடிக்கு 24 ஃபிரேம்; 100 நிமிடப் படத்துக்கு 1,44,000. ஆளுக்கொரு ரீலாகப் பிரித்துக்கொள்வதால், வில்லன் யார் என்று தெரியாமலேயே ஒரு படத்தை முடித்து அனுப்பியதும் உண்டு.

அப்படி ஒருமுறை வந்தது, 1960களின் நடுவில் எடுத்த அமெரிக்க உளவாளி நகைச்சுவைப் படம். பெயரைச் சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர்களுக்கு வகை புரிந்துவிடும். 1964இல் ‘கோல்ட்ஃபிங்கர்’ வசூலை அள்ளியதும், ஜேம்ஸ் பாண்டைக் கேலி செய்வதே தனித் தொழிலாகிவிட்டது. 1966இல் ஜேம்ஸ் கோபர்ன் நடித்த ‘அவர் மேன் ஃபிளின்ட்’ ஓடியது. டீன் மார்ட்டினுக்கு அதே ஆண்டில் ‘தி சைலன்சர்ஸ்’, ‘மர்டரர்ஸ் ரோ’ என்று இரண்டு. ‘தி சைலன்சர்ஸ்’ படத்தில் ஒரு கைத்துப்பாக்கி பின்பக்கமாகச் சுடும். நாயகனிடமிருந்து அதைப் பிடுங்கி அவனையே குறிபார்க்கிறவன், தானே குண்டு வாங்கிச் சாய்வான். ‘மர்டரர்ஸ் ரோ’வில் வருவது டிரிக்கரை அழுத்திச் சில விநாடி கழித்துத்தான் வெடிக்கும். அந்தச் சில விநாடிதான் தமாஷே.

இந்த வகைப் படங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கோணங்கித்தனம் முழுக்க மனிதர்களிடம் இருக்கும். துப்பாக்கி மட்டும் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். பார்த்ததுமே பொம்மை என்று தெரிந்தால், அது பின்பக்கம் சுட்டாலும் முன்பக்கம் சுட்டாலும் யாருக்கும் சிரிப்பு வராது. அதனால் ஹாலிவுட்டில் அப்போதெல்லாம் ஸ்டெம்ப்ரிட்ஜ் போன்ற வாடகைக் கம்பெனிகளிலிருந்து நிஜத் துப்பாக்கிகளையே கொண்டுவந்து, குண்டில்லாமல் மருந்து மட்டும் அடைத்த பிளாங்க் தோட்டாவைப் போட்டுச் சுட்டார்கள்.

எங்களுக்குத் தொல்லை அந்த பிளாங்க்கில்தான் ஆரம்பித்தது.

முதல் சுற்றில் தூசு பொறுக்குவது சாஃப்ட்வேர். அதற்குத் தெரிந்த கணக்கு ஒன்றே ஒன்று. முந்தின ஃபிரேமிலும் இல்லாமல், அடுத்த ஃபிரேமிலும் இல்லாமல், நடுவில் ஒன்றில் மட்டும் திடீரென்று ஒரு புள்ளி முளைத்தால் அது தூசு. பக்கத்து ஃபிரேமிலிருந்து கொஞ்சம் எடுத்து மூடிவிடும். நெகட்டிவில் ஒட்டிய தூசு திரையில் வெள்ளையாகத் தெரியும். துப்பாக்கி முனையில் பளிச்சிடும் நெருப்பும் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபிரேமில், வெளேரென்றுதான் இருக்கும். மெஷின் என்னத்தைக் கண்டது, பாவம்.

“அக்கா, சுட்டதே தெரியல, ஆள் மட்டும் பொத்துனு விழறான்” என்று மூன்றாவது ரீலில் இருந்த தம்பி கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் ஹோட்டல் மாடிப்படியில் ஒரு சண்டை. நாயகன் கையை நீட்டுகிறான், தோள் உதறுகிறது, எதிரே இருப்பவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறான். நெருப்பு இல்லை. பக்கவாட்டில் தெறிக்க வேண்டிய தோட்டாவின் பித்தளை உறையும் இல்லை. அது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால், அத்தனையையும் தனித்தனித் தூசாக நினைத்துப் பொறுக்கியிருந்தது சாஃப்ட்வேர். சிரிப்புக் காட்சிதான், ஆனால் டைரக்டர் வைத்த சிரிப்பு இது இல்லை.

திருப்பி வைப்பது லேசு. ஒரிஜினல் ஸ்கேனில் அந்த ஃபிரேமுக்குப் போய், அந்த இடத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் முடிந்தது. சிக்கல் வேறு. அந்தச் சண்டையில் வெடிச் சத்தம் கேட்பது ஆறு முறை. ஒரிஜினலிலேயே நெருப்பு நாலு இடத்தில்தான் இருந்தது. மிச்சம் இரண்டையும் யாரும் அழிக்கவில்லை. கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஏறக்குறைய 1/48 விநாடி திறந்திருக்கும், 1/48 விநாடி மூடியிருக்கும். பிளாங்க்கின் நெருப்பு நிற்பதோ சில மில்லி விநாடி. ஷட்டர் மூடியிருக்கும் நேரத்தில் வெடித்தால் அது ஃபிலிமில் ஏறவே ஏறாது. அடுத்த ஃபிரேமில் புகை மட்டும் மிதக்கும். இதைச் சொன்னதும் தம்பிக்கு ஆசை வந்துவிட்டது: இருக்கிற நாலில் ஒன்றைக் காப்பி எடுத்து அந்த இரண்டு இடத்திலும் ஒட்டிவிட்டால் என்ன, பார்க்கிறவர்களுக்கு நன்றாகத்தானே இருக்கும்? நன்றாகத்தான் இருக்கும். கேமராவில் விழாத நெருப்பை நாம் மூட்டக் கூடாதுடா என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போது, படம் ஓடுகையில் தெரியாத குட்டெல்லாம் வெளிப்படும். எங்கள் நாயகன் இன்னொரு காட்சியில் ரிவால்வரில் சைலன்சர் மாட்டியிருந்தான். ரிவால்வரில் தோட்டா சுழலும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. வெடித்த வாயுவும் சத்தமும் அந்த வழியாகவே வெளியே வந்துவிடும். முனையில் எதை மாட்டியும் பெரிய பிரயோஜனம் கிடையாது. உருளையே முன்னால் நகர்ந்து குழலோடு பொருந்திக்கொள்ளும் பழைய ரஷ்ய நாகன்ட் போன்றவை விதிவிலக்கு. வசனத்தில் அமெரிக்க கோல்ட் (Colt) கைத்துப்பாக்கி என்பார்கள், கையில் ஸ்பெயின் நாட்டு ஸ்டார் கம்பெனித் துப்பாக்கி இருக்கும்; .45 பிளாங்க்கில் கோல்ட் ஒழுங்காக ஓடாமல் சிக்கிக்கொண்டதால், பார்க்க அதே மாதிரி இருக்கும் 9 மி.மீ. ஸ்டாருக்கு ஹாலிவுட்டில் கோல்ட் வேஷம் கட்டினார்கள். சீரியஸ் படங்கள் மட்டும் யோக்கியமா என்ன? ‘டாக்டர் நோ’வில் ஷான் கானரி, எதிராளியிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஆறு தோட்டாவும் தீர்ந்துவிட்டது என்று கணக்குச் சொல்வார். திரையில் இருப்பது ஏழு தோட்டா கொள்ளும் கோல்ட் 1911 வகை. 1962லிருந்து அந்தப் பிழை அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இருக்கட்டும், அதுவும் படத்தின் பகுதிதான்.

இன்னொன்று நாயகனின் கண். எதற்கும் அசராத உளவாளி, டிரிக்கரை அழுத்துவதற்கு முந்தின ஃபிரேமிலேயே கண்ணை இறுக மூடிவிடுகிறான். குறியும் எதிராளிக்கு நேராக இல்லை, நன்றாகவே தள்ளி இருக்கிறது. கேமரா வைத்த கோணம்தான் நேராகக் காட்டுகிறது. அது தெரிந்தே செய்கிற பாதுகாப்பு ஏற்பாடு. “பிளாங்க்தானேக்கா, இதுக்குப் போய் இவ்வளவு பயமா?” என்று கேட்ட தம்பிக்கு ஜான் எரிக் ஹெக்ஸம் கதையைச் சொன்னேன். 1984இல் ‘கவர் அப்’ என்ற அமெரிக்க டிவி தொடரின் படப்பிடிப்பில், காத்திருக்கும் நேரத்தில் விளையாட்டாக .44 மேக்னம் ரிவால்வரைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். உள்ளே இருந்தது பிளாங்க். வெடிப்பின் வேகமே மண்டையோட்டை உடைத்துவிட்டது. சில நாளில் இறந்துபோனார், வயது 26. அவர் நடித்ததும் உளவாளி வேஷம்தான்.

ஐந்தாவது ரீல் என்னுடையது. அதில் இரண்டு விவகாரம். கையைத் தட்டிவிட்டதும் வில்லனின் துப்பாக்கி பளிங்குத் தரையில் விழுகிறது. சத்தம் இரும்புச் சத்தம், துப்பாக்கி ரப்பர். தரையில் மோதும்போது குழல் வளைந்து நிமிர்கிறது. கீழே போட, தூக்கி எறிய, மண்டையில் அடிக்கவெல்லாம் ரப்பர்தான் வழக்கம். இதில் எங்களுக்குள் பேச்சே இல்லை, தொடாமல் விட்டுவிட்டோம். அன்றைக்குத் தியேட்டரிலும் அது வளைந்துதான் இருக்கும்.

அடுத்தது அப்படி இல்லை. மேசைமேல் இருக்கும் துப்பாக்கியை வில்லி ஒரு காந்த மோதிரத்தால் தன் கைக்கு இழுக்கிறாள். மிகத் துல்லியமான 4கே ஸ்கேனில் அதை நிஜமாக இழுக்கிற கம்பி மின்னுகிறது. நெகட்டிவிலிருந்து காப்பிக்குக் காப்பி எடுத்துத் தியேட்டருக்குப் போன பிரிண்ட்டில் அது மங்கி மறைந்திருக்கும். எடுத்தவர்களும் அந்தத் தைரியத்தில்தான் எடுத்திருப்பார்கள். 1953இல் வந்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்க்கிரக ஊர்திகளைத் தொங்கவிட்ட கம்பிகள் பழைய வீடியோ பிரதிகளில் பளிச்சென்று தெரியும். பின்னாளில் 4கேயில் சீரமைத்தபோது அவற்றை மறைத்தார்கள். அதைக் காட்டி, கம்பியை எடுத்துவிடலாம் என்று குறிப்பு எழுதினேன். சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ளவில்லை. “சிரிப்புப் படம்மா இது, கம்பி தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது” என்றார். சிரிப்புப் படம் என்பதால்தான் தெரியக் கூடாது என்பது என் கட்சி. மோதிரம் இழுத்தால் வில்லியைப் பார்த்துச் சிரிப்போம். கம்பி இழுத்தால் எடுத்தவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

ஸ்டுடியோவையே கேட்டோம். அவர்கள் கைவசம் இருந்த அந்தக் காலத்துப் பிரிண்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் அனுப்பினார்கள்: முழுதாக அழிக்க வேண்டாம், பிரிண்ட்டில் தெரியும் அளவுக்கு மங்கலாக்கினால் போதும். அழிப்பதைவிட அதற்குத்தான் நேரம் பிடிக்கும். நான் அதில் உட்கார்ந்தேன். தம்பிக்கு அடுத்து வந்தது ஆறாவது ரீல், முழுக்க மெஷின் கன் சண்டை. அந்தக் காட்சிக்கு மட்டும் சாஃப்ட்வேரை ஆஃப் செய்துவிட்டுக் கையாலேயே துடைக்கச் சொல்லிவிட்டேன்.