350 சிசியிலிருந்து 220க்கு

இடது மார்பு இறுகிப்போனதை வாய்விட்டுச் சொன்னவள் என் மகள்தான். 2020 கோடையில் ஒரு இரவு, பக்கத்தில் படுத்திருந்தவள் என் மேல் தலை சாய்த்துவிட்டுச் சட்டென்று எழுந்துகொண்டாள். "அம்மா, இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது?" எனக்குத் தெரியாமல் இல்லை. ஜாக்கெட் தைக்கும் அக்கா, இடது பக்கத்தை ஒரு விரற்கடை மேலே ஏற்றித் தைக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

புற்றுநோய்க்காக 2018இல் அந்த மார்பகத்தை முழுவதுமாக எடுத்தார்கள். எக்ஸ்பேண்டர் வைத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பிறகு செயற்கை மார்பாக 350 சிசி (மில்லிலிட்டர்) சிலிக்கோன் இம்பிளாண்ட் பொருத்தினார்கள். அதன் பின் 25 நாள் கதிர்வீச்சு.

எந்த அந்நியப் பொருளை உள்ளே வைத்தாலும் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டிக்கொள்ளும். பேஸ்மேக்கரைச் சுற்றியும் கட்டும். அது நோயல்ல. அந்த உறை தடித்துச் சுருங்கி, இம்பிளாண்டை நாலாபக்கமும் நெருக்கும்போதுதான் தொல்லை. பேக்கர் அளவுகோல் என்று நான்கு நிலைகள் சொல்கிறார்கள்: முதல் நிலையில் மென்மை, இரண்டில் லேசான கெட்டி, மூன்றில் பார்த்தாலே தெரியும் கோணல், நான்கில் வலி. நான் மூன்றாம் நிலையில் மருத்துவரிடம் போனேன். அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைப்பதற்குள் நான்கு. இடது பக்கம் ஒருக்களிக்க முடியாது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் அக்குள் வரை இழுக்கும்.

2021இல் உறையை வெட்டியெடுத்துப் புதிய இம்பிளாண்ட் வைத்தார்கள். அதே 350. வலது பக்கத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று கேட்டவள் நான்தான். வலது பக்கத்தைச் சிறிதாக்கி இடதுக்கு இணையாக்கலாம் என்ற இன்னொரு வழியை அங்கே யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பதினான்கு மாதத்தில் மறுபடியும் கல்.

வேறு ஊரில் ஒரு பெண் பிளாஸ்டிக் சர்ஜனிடம் போனேன். அவர் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, அரைமணி நேரம் படித்தார். "அளவு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன் அம்மா. ஆய்வுகளும் அதில் ஒருமுகமாக இல்லை. கதிர்வீச்சு பட்ட தோல், ஒருமுறை இறுகியவருக்கு மறுபடியும் இறுகும் சாத்தியம், இவை இரண்டும்தான் பெரியவை" என்றார். பிறகு என் இடது மார்பின் தோலை இரு விரலால் கிள்ளிப் பார்க்கச் சொன்னார். துணியைப் பிடிப்பதுபோல் இருந்தது. உறையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள திசு இன்னும் மெலியும். அதற்கு மேல் பெரிய இம்பிளாண்டின் பாரத்தை ஏற்றுவது தோலுக்கும் ஆகாது, ஆறுவதற்கும் ஆகாது. மேற்பரப்பு சொரசொரப்பான இம்பிளாண்ட், இறுக்கத்தைக் குறைக்கும் என்று படித்ததைக் கேட்டேன். அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவந்ததால், 2019 ஜூலையில் அதில் ஒரு வகை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதைச் சொல்லி, தாம் அதை வைப்பதில்லை என்றார்.

இம்பிளாண்டை எடுத்துவிட்டுத் தட்டையாக இருந்துவிடலாம். அதுவும் முழுமையான முடிவுதான் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. வயிற்றுச் சதையால் மார்பு அமைக்க என் உடம்பில் சதை போதவில்லை. மிஞ்சியது, முதுகுத் தசையை அதன் ரத்த ஓட்டத்தோடு அக்குள் வழியாக முன்னே கொண்டுவந்து, அதனடியில் சிறிய இம்பிளாண்ட் வைப்பது. கதிர்வீச்சு படாத நல்ல தசை அது. மேசையில் இரண்டு மாதிரிகளை வைத்தார். 350ஐ ஒரு கையிலும் 220ஐ இன்னொரு கையிலும் ஏந்தியபோதுதான், அந்தக் காகிதத் தோலின் மேல் எதைச் சுமத்தியிருந்தேன் என்பது உறைத்தது.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், வழக்கமாக உடுத்தும் ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதை அணிந்து நிற்கவைத்து, முதுகுத் தழும்பு துணிக்குள் மறையும்படி பேனாவால் கோடு போட்டார். நான்கு ஆண்டுகளில் என் உடம்பை என் கண்ணால் பார்த்த மருத்துவர் அவர் ஒருவர்தான்.

2023 பிப்ரவரியில் முடிந்தது. வலது பக்கத்தையும் அப்போதே சிறிதாக்கினார்கள். வடிகுழாய்ப் பாட்டிலில் சேர்ந்த நீரைக் காலையும் மாலையும் என் கணவர் அளந்து நோட்டில் எழுதினார். குழாயை எடுத்த பிறகும் முதுகில் நீர் கோத்து, மூன்று முறை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. கை தூக்கப் பயிற்சி செய்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். மேல் அலமாரியிலிருந்து டப்பா எடுக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இப்போது இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் கெட்டி, இரண்டாம் நிலை. வலி இல்லை. இடது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறேன். மறுபடியும் இறுகினால் இம்பிளாண்டை எடுத்துவிட்டுத் தசையை மட்டும் விட்டுவிடுவது என்று மருத்துவரும் நானும் இப்போதே பேசி, கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம்.