டிஸ்க் இல்லாமல் எழுந்த சர்வர்

மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஆய்வகத்தின் பெரிய யூபிஎஸ் தாங்கிக்கொண்டது. ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் சர்வருக்குத் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ். பேட்டரி நான்கு வருடப் பழசு. மூன்றாவது நிமிடம் சர்வர் அணைந்தது. மின்சாரம் வந்ததும் தானாகவே எழுந்துகொண்டது.

எங்களிடம் 36 கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு. மாணவர்களின் ஹோம் ஃபோல்டர்கள் சர்வரின் இரண்டாவது டிஸ்கில் இருக்கின்றன. ஒரு கணினியின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியே மற்றவற்றுக்குக் கொடுக்கும் என்எஃப்எஸ் மூலமாகத்தான் ஒவ்வொரு கணினிக்கும் வருகின்றன. சர்வர் போனவுடன் திரைகள் அப்படியே நின்றன. "யாரும் எதையும் அணைக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அதற்குக் காரணம் இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோதே சர்வர் விழுந்து எழுவதை எதிர்பார்த்துத்தான் அமைத்தார்கள். மவுன்ட் என்றால் ஒரு டிஸ்கையோ ஃபோல்டரையோ கணினியில் ஏற்றுவது. ஹார்ட் மவுன்ட் முறையில் ஏற்றியிருந்தால், பதில் வரும்வரை கணினி கேட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் பயன்படுத்தும் நான்காம் பதிப்பில், எழுந்த சர்வர் வழக்கமாக 90 விநாடி ஏற்கெனவே கோப்புகளைத் திறந்து வைத்திருந்த கணினிகளுக்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டு, பிறகுதான் புதிய கோப்புகளைத் திறக்க விடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நிமிடம் கழித்துத் திரைகள் அசைந்தன. வந்தது ஒரே செய்தி: ஸ்டேல் ஃபைல் ஹேண்டில். கடைசி வரிசையில் இரண்டு பேர் பயந்துபோய்க் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அவற்றில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஹோம் ஃபோல்டர் இருந்த இடமே காலியாக இருந்தது. "அண்ணா, மூன்று வருட ரெக்கார்டும் அதில்தான் இருக்கிறது" என்றாள் அவர்களில் ஒரு பெண். குரல் உடைந்திருந்தது.

ஃபைல் ஹேண்டில் என்பது நிலத்தின் சர்வே எண் மாதிரி. அதில் கோப்பின் பெயர் இருக்காது. எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு), அதில் எத்தனையாவது ஐநோட் (ஒரு கோப்பின் விவரப் பதிவு), அந்த ஐநோடின் எத்தனையாவது தலைமுறை என்ற விவரங்கள்தான் இருக்கும். ஸ்டேல் என்று சர்வர் சொன்னால், "இந்த எண்ணில் என்னிடம் நிலம் இல்லை" என்று பொருள். ஒரு கோப்பை யாரோ அழித்திருந்தால் ஒரு கணினியில் வரலாம். 34 கணினிகளில் ஒரே நேரத்தில் வந்தால், கிராமமே, அதாவது அந்த ஃபைல் சிஸ்டமே, காணவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் ஆன இரண்டும் காலி ஃபோல்டரைக் காட்டியது இதை உறுதிசெய்தது. கணினிகளைத் தொடாமல் சர்வர் அறைக்கு ஓடினேன்.

ஏறியிருக்கும் டிஸ்குகளைக் காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தேன். டேட்டா டிஸ்குக்கான வரியே இல்லை. எழும்போது எந்த டிஸ்கை எங்கே ஏற்ற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தால், நான் எழுதிய வரி அப்படியே இருக்கிறது: எஸ்டிபி1 (டிஸ்கின் பெயரும் பகுதி எண்ணும்), ஈஎக்ஸ்டி4 (ஃபைல் சிஸ்டத்தின் வகை), நோஃபெயில் (டிஸ்க் ஏறாவிட்டாலும் நிற்காதே). வெள்ளிக்கிழமை பேக்கப் எடுத்த யூஎஸ்பி டிஸ்க் பின்னால் செருகியபடியே இருந்தது. எழும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் அதற்கு எஸ்டிபி என்ற பெயரைக் கொடுத்துவிட்டது. டேட்டா டிஸ்க் எஸ்டிசி ஆகிவிட்டது. எந்த டிஸ்குக்கு எந்தப் பெயர் என்பதற்குக் கெர்னல் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பேக்கப் டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற வேறு வகை என்பதால் மவுன்ட் தோற்றது. நோஃபெயில் இருந்ததால் சர்வர் நிற்காமல் எழுந்து, டிஸ்க் ஏற வேண்டிய வெற்று ஃபோல்டரைப் பகிர்ந்தது. அந்த டிஸ்கும் ஈஎக்ஸ்டி4 ஆக இருந்திருந்தால் ஹோம் இருக்கும் இடத்தில் பேக்கப் ஏறியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

டிஸ்கின் தனி அடையாள எண்ணான யூயூஐடியை எடுத்து, எஸ்டிபி1 இருந்த இடத்தில் எழுதினேன். மவுன்ட் செய்தேன். எந்த ஃபோல்டர்களைப் பகிர வேண்டும் என்ற எக்ஸ்போர்ட் பட்டியலைப் புதுப்பித்தேன். சர்வரில் வேறு எதையும் செய்யவில்லை.

ஆய்வகத்துக்குத் திரும்பியபோது மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் விம் எடிட்டரை மூடாமலே வைத்திருந்தான். லிங்க்டு லிஸ்ட் புரோகிராம், பாதியில். "இப்போது சேமித்துப் பார் தம்பி" என்றேன். முக்காற்புள்ளி, டபிள்யூ, என்டர். கீழே எத்தனை வரி எழுதப்பட்டது என்ற கணக்கு வந்தது. அதே ஃபைல் சிஸ்டம் திரும்பி வந்துவிட்டதால், கணினிகள் கையில் வைத்திருந்த பழைய எண்கள் மீண்டும் செல்லுபடியாகின. ரீஸ்டார்ட் செய்த இரண்டு கணினிகள்தான் காலி ஃபோல்டரைப் பிடித்துக்கொண்டு நின்றன. அவற்றில் மட்டும் அன்மவுன்ட் செய்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அந்தப் பெண் தன் ரெக்கார்ட் ஃபோல்டரை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். துறைத்தலைவர் மேடம் எல்லோருக்கும் அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்.

அன்று மாலையே எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் மவுன்ட்பாயின்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். டிஸ்க் உண்மையிலேயே ஏறியிருந்தால்தான் இனி அந்த ஃபோல்டர் பகிரப்படும். டிஸ்கை இறக்கிவிட்டு, அடியில் இருக்கும் வெற்று ஃபோல்டருக்குச் சட்டர் கட்டளையால் பூட்டும் போட்டேன். தவறிக்கூட யாரும் அதற்குள் எழுத முடியாது. புது பேட்டரிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில், யூஎஸ்பி டிஸ்கை வேண்டுமென்றே செருகிவைத்து, எல்லாக் கணினிகளிலும் ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, சர்வரை இரண்டு முறை ரீபூட் செய்தேன். இரண்டு முறையும் 36 திரைகளும் நின்றன, காத்திருந்தன, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.