தொப்பி கேட்காத அறை

ஜூலை 6, 2024, சனி

ஸ்பீக்கர் ஜோடி வந்துவிட்டது. யமஹா எச்எஸ்5. பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பார்த்து, இங்கே சிங்கப்பூரின் ஈசூனில் விற்பவர் வீட்டுக்கே போய், நன்றாகக் கேட்டுவிட்டு எடுத்தேன். எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் பெட்டியைக் கைமாற்றும் வியாபாரம் இதற்குச் சரிப்படாது. மேல்சுரங்களுக்கான சின்னக் கூம்பான ட்வீட்டரில் யாராவது விரலால் அழுத்திய பள்ளம் இருக்கிறதா, பாட்டு ஓடாதபோது ஒன்று மட்டும் அதிகமாக இரைகிறதா என்பதை மின்சாரம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை இதுதான்: நடன ஆசிரியை ஒருவருக்காக நாங்கள் பதிவு செய்த உருப்படிகளை ஆகஸ்ட் நடுவில் கலந்து முடித்துக் கொடுக்க வேண்டும். வாய்ப்பாட்டு, வயலின், கடம், தம்பியின் மிருதங்கம். இதுவரை ஹெட்ஃபோனிலேயே ஓட்டினேன். அதில் சரியாகக் கேட்டது வெளியே போனால் தொப்பி, அதாவது மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் இடப்பக்கம், வீங்கிவிடுகிறது. வலந்தலை தெளிவாக இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் எங்கே உட்காருகிறது என்று பிடிபடவில்லை.

எட்டு அங்குலம் வாங்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. கேட்கவில்லை. எச்எஸ்5-ன் வூஃபர், கீழ்ச்சுரங்களுக்கான பெரிய கூம்பு, ஐந்து அங்குலம். 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று போட்டிருப்பார்கள். அது 10 டெசிபல் விழுந்த பிறகான கணக்கு. 3 டெசிபல் கணக்கில் 74-லேயே தளர ஆரம்பிக்கும். வீவக அடுக்குமாடி வீட்டின் சின்னப் படுக்கையறைக்கு அது குறையே இல்லை. கீழே எவ்வளவு ஒலியை இறக்குகிறோமோ அவ்வளவும் இந்தக் கான்கிரீட் பெட்டிக்குள்தான் சுற்றும்.

அந்த வெள்ளைக் கூம்பைப் பார்த்ததும் மனைவி, "இதை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றாள். பார்த்திருப்பாள். 1978-ல் வீட்டு ஹைஃபைக்கென்று வந்து, பிறகு உலகத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லாம் மிக்ஸர்மேல் ஏறி உட்கார்ந்த என்எஸ்10-ன் முகச்சாயல் இது. அதன் ட்வீட்டர் காதைக் குத்துகிறதென்று கழிவறைத் தாளை ஒட்டி வைத்தெல்லாம் வேலை செய்திருக்கிறார்கள். 2001-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

அறை மகனுடையது. அவன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், தேக்கோங் தீவு முகாமில் இருக்கிறான். வார இறுதியில் முகாமிலிருந்து புக் அவுட் ஆனால் வருவான். அனுமதி கேட்டபோது ஒரே நிபந்தனை: "என் கட்டிலை மட்டும் தூக்கிடாதீங்கப்பா." கட்டில் ஜன்னலோரச் சுவரை ஒட்டியே இருக்கட்டும். அது நமக்கும் நல்லதுதான், பின்சுவரில் ஒரு மெத்தை.

டேப் பிடித்து அளந்தேன். நீளம் 3.4 மீட்டர், அகலம் 2.8, உயரம் 2.6. நம் ஊர்ச் சூட்டில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 348 மீட்டர். அதை ஒவ்வோர் அளவின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்தச் சுரத்தில் தானே பாடும் என்பது கிடைத்துவிடும்: 51, 62, 67 ஹெர்ட்ஸ். நீளவாக்கில் அடுத்தது 102. அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் 62-ம் 67-ம் அடுத்தடுத்து நிற்கின்றன. அதோடு நான் உட்காரும் இடம் அகலத்தின் நட்டநடு. காது தரையிலிருந்து 1.2 மீட்டர், அதுவும் உயரத்தின் பாதிக்கு அருகில். இந்த இரண்டு அலைகளும் நடுவில்தான் அடங்கிப்போகும். சுவரோரம் போய்த் தலையை நீட்டினால் கேட்கிற தொப்பி, நாற்காலியில் உட்கார்ந்தால் இல்லை. ஹெட்ஃபோனில் ஒரு பிரச்சினை, இங்கே வேறு பிரச்சினை.

ஜூலை 10, புதன்

ஸ்டாண்டுகள் வந்தன. மேசைமேல் வைக்கவில்லை. மேசைப்பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் நேராக வரும் ஒலியும் சேர்ந்தால் நடுத்தரப் பகுதி கெடும், பாடுபவர் மூக்கடைத்தவர் மாதிரி ஆகிவிடுவார். மேசையை முன்னால் இழுத்து, அதற்குப் பின்னால் ஸ்டாண்டுகளை நிறுத்தினேன். ட்வீட்டர் காது மட்டத்தில். எக்ஸ்எல்ஆர் கேபிள். மூன்று முள் பிளக்கில் எர்த்தை யாரும் பிடுங்கக்கூடாது, இரைச்சல் வந்தாலும் பிடுங்கக்கூடாது. இரைச்சல் வரவும் இல்லை.

ஜூலை 13, சனி

தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக் இருக்கிறது. ஒருகாலத்தில் வீட்டுச் சினிமாப் பைத்தியம். அதை வாங்கிவந்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். அது அடியிலிருந்து உச்சிவரை ஒரே இழுப்பாக ஓர் ஓசையை ஊதும். மைக் அதைக் கேட்டு அறையின் கோட்டை வரைந்து காட்டும். ஏர்கானை நிறுத்து, மின்விசிறியை நிறுத்து, ஜன்னலைச் சாத்து. பொங்கோலில் எல்ஆர்டி ரயில் போகும் வரை பொறு. சரி, இப்போது ஊதலாம் என்றால் தேசிய தின ஒத்திகை விமானங்கள் தலைக்குமேல். என் கோட்டில் போர் விமானத்துக்கும் ஒரு மேடு.

கடைசியில் சுத்தமாக ஒன்று கிடைத்தது. 65 பக்கம் பள்ளம், 100 பக்கம் பெரிய மேடு, 170 பக்கம் இன்னொரு பள்ளம். கணக்கோடு ஒத்துப்போனதில் ஒரு சந்தோஷம், அதைக் காதால் கேட்டதில் வருத்தம். தம்பியின் பதிவில் தொப்பியின் உடல் 70-லிருந்து 110 வரைதான் நிற்கிறது. அதாவது அவன் இடது கை முழுவதும் இந்தப் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததுதான் உருப்படியான வேலை, அதனால் விரிவாக எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் சொல்லும் சூத்திரம் 38 சதவீதம்: முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் உட்கார். எனக்கு அது 1.29 மீட்டர். நேற்று அளந்தது அங்கேதான். இரண்டு ஸ்பீக்கர்களும் என் தலையும் சமபக்க முக்கோணம், பக்கம் 90 சென்டிமீட்டர். அப்படி வைத்தால் ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 51 சென்டிமீட்டரில் நிற்கும். பின்னால் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை, தாமதமாக வந்து நேர் அலையைத் தின்னும். அந்தத் தூரத்தின் நான்கு மடங்கால் 348-ஐ வகுத்தால் 170. நேற்றைய பள்ளத்தின் பூர்வீகம் அதுதான்.

"ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வை" என்பது எங்கும் கேட்கிற உபதேசம். பெரிய அறைக்குச் சரி. இங்கே எவ்வளவு தள்ளினாலும் பள்ளம் காணாமல் போகாது, இன்னும் கீழே, இன்னும் மோசமான இடத்துக்குத்தான் இறங்கும். ஒரு மீட்டர் தள்ளினால் 87 ஹெர்ட்ஸ், நேராகத் தொப்பியின் நெஞ்சில். அதனால் எதிர்ப்பக்கம் போனேன். முக்கோணத்தைக் கலைக்காமல் எல்லாவற்றையும் சேர்த்து முன்னால் தள்ளி, தலை 1.1 மீட்டரில், ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 32 சென்டிமீட்டரில். பள்ளம் 270 பக்கம் ஏறிவிட்டது. அந்த உயரத்தில் ஒலியை உறிஞ்சும் கல் கம்பளி (ராக்வூல்) கொஞ்சம் இருந்தாலே அடக்கலாம். 87-ஐ அடக்க அலமாரி அளவுக்குப் பொருள் வேண்டும். 102-ன் மேடும் தணிந்தது, ஏனென்றால் அந்த அலை அடங்கும் இடம் 85 சென்டிமீட்டரில் இருக்கிறது, நான் அதை நோக்கி நகர்ந்திருக்கிறேன்.

சுவரை ஒட்டினால் கீழ்ப்பகுதி தடிக்கும் என்பது உண்மை. அதற்குத்தான் முதுகில் ரூம் கன்ட்ரோல் என்ற சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும். 2-ல் வைத்தேன். மேல்சுரங்களுக்கான ஹை ட்ரிம் சுவிட்சைத் தொடவில்லை. ஒலி வெளியேறும் ஓட்டை பின்பக்கம் இருப்பதால் சுவருக்கும் முதுகுக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு விட்டேன்.

மகன் வீட்டில் இருந்ததால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் செய்யும் வேலையும் முடிந்தது. நான் நாற்காலியில் உட்கார, அவன் பக்கச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, எந்த இடத்தில் எனக்கு ட்வீட்டர் தெரிகிறதோ அது முதல் எதிரொலிப் புள்ளி. வலது பக்கம் சுவரில் விழுந்தது. இடது பக்கம் கதவிலேயே விழுந்தது. "கேம்ப்ல ஏரியா கிளீனிங், இங்க வந்தா கண்ணாடி பிடிக்கிற வேலை" என்றான். இரவு சாப்பாடு வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டினேன்.

ஜூலை 18, வியாழன்

வலது பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) என்னை மின்தூக்கியில் பார்த்தார். சண்டை இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "நேத்து ராத்திரி யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருந்துச்சு, திறந்து பார்த்தா ஆள் இல்லை" என்றார். நான் பாட்டை ஓட்டியது ஒன்பதரைக்கு. பாட்டும் வயலினும் அந்தச் சுவரைத் தாண்டவில்லை, தொப்பி மட்டும் தாண்டியிருக்கிறது. நீளமான அலையைத் தடுக்க எடை வேண்டும், எவ்வளவு கனமான சுவரானாலும் கீழே போகப்போக விட்டுக்கொடுக்கும். அதற்குப் பஞ்சு ஒட்டி எந்தப் பயனும் இல்லை. பஞ்சு அறைக்குள்ளே தெறிப்பதைத்தான் குறைக்கும், வெளியே போவதைத் தடுக்காது. இதைக் குழப்பிக்கொண்டு முட்டைத் தட்டை ஒட்டியவர்கள் எத்தனையோ பேர்.

இனி எட்டு மணிக்குமேல் ஹெட்ஃபோன். மக்சிக்குக்குக் கொஞ்சம் முறுக்கு கொடுத்தனுப்பினோம்.

ஜூலை 21, ஞாயிறு

பலகைகள் தயார். மரச்சட்டம், உள்ளே கல் கம்பளி, மேலே துணி. பக்கங்களுக்கு 10 சென்டிமீட்டர் தடிமன், ஸ்பீக்கருக்குப் பின்னால் 5 போதும், அதற்குமேல் இடம் இல்லை. துணி மூச்சுவிடுவதாக இருக்க வேண்டும். வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். மனைவியின் பழைய புடவைகளில் ஊதிப் பார்த்தேன். சுங்குடி தேறியது. "அது எங்கம்மா எடுத்துக் கொடுத்தது" என்று பிடுங்கிக்கொண்டாள். நைந்துபோன வேறொரு நூல் புடவை கிடைத்தது. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கல் கம்பளியைத் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும்.

சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு மாட்டினேன். அலையைப் பிடிக்கவும் அது உதவும். இந்த ஊர் ஈரத்தில் பின்னால் பூஞ்சை பிடிக்காமல் இருக்கவும் உதவும். கதவுப் பலகை கொக்கியில் தொங்குகிறது. பாடகி இப்போது சரியாக நடுவில் நிற்கிறார். முன்பு இரண்டு சுவருக்கும் பரவிக்கிடந்தார்.

ஜூலை 27, சனி

குரலை பாம் ஷெல்டரில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பறையில், பதிவு செய்யலாமே என்று இன்று ஒருவர் கேட்டார். இதைக் கேட்காத ஆளே இல்லை. போய்க் கைதட்டிப் பாருங்கள்: சின்னக் கான்கிரீட் அறை, இரும்புக் கதவு, மணி அடித்த மாதிரி இழுக்கும். கதவையும் காற்றுத் துளைகளையும் மாற்றச் சட்டம் இடம் கொடுக்காது. அரிசி மூட்டையும் பயணப் பெட்டியும் அங்கே நிம்மதியாக இருக்கட்டும். குரலுக்கு மகனின் துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டிப் பாடினாலே போதும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

விடுப்பு. பகலில் ஒலியளவைக் கட்டினேன். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சல், மைனஸ் 20 டெசிபலில், ஒரு சமயத்தில் ஒரு ஸ்பீக்கர், காது இருக்கும் இடத்தில் மீட்டர். பெரிய கூடங்களில் 85 டெசிபல் வரை வைப்பார்கள். இந்த அறையில் அது தலைவலி. 74-ல் நிறுத்தி, குமிழில் டேப் ஒட்டிக் கோடு போட்டேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே அரை டெசிபல் வித்தியாசம் இருந்தது, அதையும் சரிசெய்தாயிற்று.

மெதுவாகக் கேட்கும்போது காது கீழ்ச்சுரங்களைக் குறைத்துத்தான் வாங்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைகோடு போட்டுக் காட்டியது இது. ஆகவே மக்சிக்குக்குப் பயந்து சின்னச் சத்தத்தில் தொப்பியை முடிவு செய்தால் கை தானாக ஏற்றிவிடும். என் ஏற்பாடு: கடம், வயலின், பாட்டு எல்லாம் சின்னச் சத்தத்தில், தொப்பியை மட்டும் சனிக்கிழமைப் பகலில், கோட்டுக்கு ஏற்றி, கொஞ்ச நேரம். 65 பள்ளம் இன்னும் இருக்கிறது, இருக்கும். அங்கே ஈக்யூவில் (குறிப்பிட்ட சுரப்பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் வசதி) ஏற்றினால் ஸ்பீக்கர்தான் திணறும், பள்ளம் நிரம்பாது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஹெட்ஃபோனை நம்புகிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

சீனர்களின் ஏழாம் மாதம் ஆரம்பித்துவிட்டது. எதிர்த் திடலில் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடை, இரவு பத்தரை வரை. பாடுகிற அம்மாவின் குரல் எட்டாவது மாடிக்கு அருமையாக ஏறி வருகிறது, பேஸ் மட்டும் கொஞ்சம் அதிகம். வேலை பகலோடு சரி. அந்தப் பகலில் தொப்பியை ஒன்றரை டெசிபல் இறக்கினேன், 100 பக்கம் வெட்டியிருந்த ஈக்யூவை எடுத்துவிட்டேன். அந்த வெட்டு அறையின் பழைய மேட்டுக்காகப் போட்டது, மிருதங்கத்துக்காக அல்ல.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நண்பரின் காரில் கேட்டோம். பிறகு என் பழைய இயர்போனில், அப்புறம் சமையலறை புளூடூத் பெட்டியில். தில்லானாவில் தொப்பி மூன்றிலும் ஒரே இடத்தில் நின்றது. காரில் நண்பர் சத்தத்தை ஏற்றி, "இது மிருதங்கம்" என்றார். அவர் அவ்வளவுதான் பேசுவார்.

கோப்புகளை ஆசிரியைக்கு அனுப்பிவிட்டேன். ஸ்டாண்ட், நாற்காலி, மேசை மூன்றுக்கும் தரையில் டேப் ஒட்டிவைத்தேன், மகன் வந்தால் மேசையை நகர்த்துவான். தம்பி போன் செய்து, கடத்தை ஒரு டெசிபல் ஏற்றினால் என்ன என்று கேட்கிறான். கடம் வாசித்தது அவன் சிஷ்யன். ஏற்றப்போவதில்லை.