ஏழுபிரிஸ் என்றால் ஜூலை இல்லை: ஸ்மோலந்துப் பயணம்

ஸ்வீடனின் தெற்கில் உள்ள ஸ்மோலந்திலிருந்து ஊர் திரும்பிய சூட்டோடு முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ஸ்வீடனில் பூர்வீகம் தேடிப் போகிறவர்கள் பலரும் ஸ்டாக்ஹோமில் ரூம் போட்டு, தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்க்கிவெட்டில் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்துவிடுகிறார்கள். எதற்கு? அங்கே திரையில் பார்க்கும் அதே சர்ச் பதிவேடுகள் 2018 முதல் இணையத்தில் இலவசம். வீட்டில் காபி குடித்துக்கொண்டே படிக்கக்கூடியதை ஸ்டாக்ஹோம் ஹோட்டல் வாடகை கொடுத்துப் படிப்பது வெட்டிச் செலவு. பதிவேடுகளில் வரும் சுருக்கெழுத்துகளை ஊரிலேயே பழகுங்கள். காசும் நாளும் கிராமத்துக்கு மிஞ்சட்டும்.

பதிவேட்டின் முதுகில் இருக்கும் எழுத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று தெரியும். ‘ஏ’யோடு ரோமன் ஒன்று என்றால் ஹூஸ்ஃபொர்ஹோர்ஸ்லெங்ட்: பாதிரியார் வீட்டுக்கு வீடு வேதபாடம் கேட்டுக் குறித்த குடும்பப் பதிவேடு. 1686-ஆம் ஆண்டுச் சர்ச் சட்டத்தில் வேர்விட்டு, 1890-களின் நடுப்பகுதி வரை ஓடியது. ‘பி’ (B) இடம்பெயர்வு, ‘சி’ பிறப்பு, ‘இ’ திருமணம், ‘எஃப்’ இறப்பு. தொடங்க வேண்டியது குடும்பப் பதிவேட்டில்தான். ஒரே பக்கத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள், வேலையாட்கள், பிறந்த ஊர், எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் எல்லாம் வரும். பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தால் தப்பாக எழுதித் திருத்தியதாக நினைக்காதீர்கள். அந்த ஆள் செத்துப் போயிருப்பார், அல்லது வேறு இடம் போயிருப்பார். பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதே புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்குத் தாவுங்கள்.

பலரும் கவிழ்வது ‘டி, ஆர்’ என்ற இரண்டெழுத்தில். பெயருக்கு முன்னால் நின்றால் டிரெங், அதாவது பண்ணையாள். ‘ஆண்டெர்ஸ்’ என்ற பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டால் ஆண்டெர்ஸ்டோட்டெர், ஆண்டெர்ஸின் மகள். இதைக் குழப்பினால் ஒரு பெண் ஆணாகி, கிளையே மாறிவிடும். தனி ‘டி’ இன்னும் மோசம்: மகள், இறந்தார், ‘மேற்படி’ என்று மூன்று வேலை பார்க்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘ஹு’ மனைவி. பெயருக்கு முன்னால் வரும் ‘பி’ (P) பெரும்பாலும் பீகா, வேலைக்காரப் பெண். ‘டோர்ப்’ குத்தகைக் குடிசைக்காரர். ‘இன்ஹ்’ சொந்த வீடில்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருந்தவர். ‘ஓஎ’ திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அங்கே தகப்பன் பெயர் இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம்.

மனைவியின் பெயரில் கணவன் பெயரைத் தேடுவதும் வீண். அவள் கடைசிவரை தன் அப்பாவின் மகள்தான். பிள்ளைக்கு அப்பாவின் முதற்பெயர், நம் இனிஷியல் மாதிரியே.

தேதிக்கு வருவோம். ‘7பிரிஸ்’ என்பதை ஜூலை என்று எடுத்துக்கொண்டால் போச்சு. லத்தீனில் ‘செப்டெம்’ ஏழு, ஆகவே அது செப்டம்பர். 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். 1753-இல் ஸ்வீடன் புது நாட்காட்டிக்கு மாறியதால் பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1. நடுவில் உள்ள நாட்களில் யாரும் பிறக்கவே இல்லை! கையெழுத்தில் ‘யு’வும் ‘என்’னும் ஒரே மாதிரி இரண்டு கால் வைத்திருக்கும். மேலே சின்ன வளைவு இருந்தால் ‘யு’. ‘எம்’மின் தலையில் நேர்கோடு இருந்தால் அந்த எழுத்து இரட்டிக்கிறது.

இவ்வளவையும் முடித்துவிட்டு ரயில் ஏறுங்கள். ஸ்மோலந்து நகரமான வெக்ஷோவுக்கு டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால்தான் மலிவு. ஆல்வெஸ்டாவில் வண்டி மாற வேண்டியிருக்கலாம். கிராமத்து பஸ் ஒரு தலைவலி, அதுவும் சனி, ஞாயிறு என்றால் மறந்துவிடலாம். சரி, டாக்ஸி என்று கை காட்டினால் பர்ஸ் காலி. ஸ்வீடனில் டாக்ஸிக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விலை. ஜன்னல் ஸ்டிக்கரில் உள்ள பெரிய எண்ணைப் படித்துவிட்டு ஏறுங்கள். பத்து கிலோமீட்டர், பதினைந்து நிமிடப் பயணத்துக்கான ஒப்பீட்டு விலை அது. கிளம்பும் முன்பே மொத்தத் தொகையைக் கேட்டு வாங்குங்கள்.

வயிற்றுக்கு மட்டும் குறை இல்லை. மத்தியானம் ‘டாகென்ஸ்’ என்று கேட்டால் அன்றைய சாப்பாடு, பெரும்பாலும் சாலட், ரொட்டி, காபியோடு ஒரே விலையில். ராத்திரி அதே கடையில் கையை வைத்தால் சுடும். ஆனால் ஓஸ்ட்காகாவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். பாலைத் திரித்து, முட்டையும் பாதாமும் சேர்த்துச் சுட்டு, வெதுவெதுப்பாக, செர்ரி ஜாமும் கிரீமும் போட்டுத் தருவார்கள். சீம்பாலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்! ஒரு தட்டோடு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

சர்ச் வளாகத்தில் 1860-களின் கல்லறையைத் தேடி மழையில் நனையாதீர்கள். கல்லறை உரிமை காலக்கெடுவோடு கூடியது. புதுப்பிக்க ஆளில்லாத இடம் வேறொருவருக்குப் போய்விடும். வீட்டைத் தேடுவது மேல். அதிலும் ஒரு சிக்கல். ஒரே ஊருக்குள் நோர்ரகோர்ட், சோதரகோர்ட் என்று வடக்குப் பண்ணை, தெற்குப் பண்ணை தனித்தனி. போதாததற்கு 1827-இல் வந்த ‘லாகா ஷிஃப்டே’ நிலச் சீர்திருத்தம் பல வீடுகளைப் பெயர்த்து வயல் நடுவே கொண்டுபோய் வைத்தது. பதிவேட்டில் உள்ள வீடு, கிராமத்து நடுவில் அல்லாமல் இரண்டு வயல் தாண்டி நிற்கலாம். லாண்ட்மேட்டெரியெட் என்ற நில அளவைத் துறை பழைய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பண்ணைப் பெயரைப் பார்த்து இறக்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.