எண்ணெய் பட்ட இடம்

பொதுப்பணித் துறையில் வரைதொழில் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்தேன். நான் சேர்ந்தபோது கணினி கிடையாது. டிரேசிங் தாள், ரூலிங் பேனா, இண்டியன் இங்க், அவ்வளவுதான். அந்தத் தாளுக்கு ஒரே விரோதி எண்ணெய். விரல் பட்ட இடத்தில் கோடு போட்டால் மை பிடிக்காது. நூல் பிடித்ததுபோல் வந்த கோடு அந்த இடத்தில் மட்டும் முத்து முத்தாகத் திரண்டு விலகும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அலுவலகம் வந்த புதிதில், நான் வரைந்த ஒரு மதகின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை மேலதிகாரி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "கட்டைவிரலையும் சேர்த்து வரைந்திருக்கிறாயே அம்மா" என்றார். அன்றிலிருந்து உள்ளங்கைக்கு அடியில் கைக்குட்டை, தாளின்மேல் சாக்பீஸ் தூள். ஓய்வு பெறும் வரை எண்ணெயைத் துரத்திக்கொண்டே இருந்தேன்.

இப்போது அதே எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, அதே ரூலிங் பேனாவில் நிரப்பி, சுட்ட மண்ணின்மேல் கோடு போடுகிறேன். எண்ணெய் தண்ணீரைத் தள்ள வேண்டும் என்பதற்காகவே.

இந்த வேலைக்கு ஸ்பானிய மொழியில் குவெர்தா சேகா என்று பெயர். 'காய்ந்த கயிறு' என்று பொருள். ஒருமுறை சுட்ட டைலின்மேல், எண்ணெயில் குழைத்த மாங்கனீஸ் கறுப்பால் உருவத்தின் எல்லைக்கோடுகளை வரைய வேண்டும். கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டங்களில் தண்ணீரில் கரைத்த வண்ணக் கிளேஸை நிரப்ப வேண்டும். கிளேஸ் என்றால், சூளையில் உருகிக் கண்ணாடியாகிற பூச்சு; ஊறுகாய் ஜாடியின் பளபளப்பு அதனால் வருவதுதான். கிளேஸ் எண்ணெய்க் கோட்டைக் கண்டதும் நின்றுவிடும். சூளையில் எண்ணெய் எரிந்து போய்விடும். மாங்கனீஸ் மட்டும் மங்கலான கறுப்புக் கோடாகத் தங்கும். இரண்டு பக்கமும் பளபளக்கும் நிறம், நடுவில் பளபளப்பே இல்லாத பள்ளம். அதுதான் அந்தக் காய்ந்த கயிறு.

இதை நான் முதலில் பார்த்தது கலிபோர்னியாவில். மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மாலிபு கடற்கரையில் ஆடம்சன் இல்லம் என்ற பழைய வீட்டைக் காட்டக் கூட்டிப்போனான். 1930 வாக்கில் கட்டி முடித்த வீடு. உள்ளே ஒரு நீண்ட நடையில் பாரசீகக் கம்பளம் விரித்திருந்தது. சுமார் 60 அடி நீளம். ஓரத்தில் குஞ்சம்கூட இருந்தது. மிதிக்க மனம் வராமல் நின்றேன். மகன் சிரித்தான்: "அம்மா, குனிந்து பாருங்கள்." அத்தனையும் டைல். குஞ்சமும் டைல்.

அந்த வீட்டுக்காரியின் தாயார் மே ரிண்ட்ஜ் 1926இல் அந்தக் கடற்கரையிலேயே மாலிபு பாட்டரீஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கியவர். 1931இல் அங்கே தீப்பிடித்தது, 1932இல் மூடிவிட்டார்கள். ஆறே வருடம். ஆனால் நான் பார்த்தது கம்பளத்தையோ வரலாற்றையோ அல்ல, கோட்டை. ஒரே தடிமன், ஒரே இறுக்கம், மூலைகளில் குதிக்காத கோடு. போட்டவர் யாரோ நல்ல வரைவாளர். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன், வழிகாட்டி அம்மா 'வேண்டாம்' என்று தலையசைத்தார். எண்ணெய் விரல் என்று அவருக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ.

ஊருக்குத் திரும்பியதும் சனிக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிப் பக்கம் ஒரு மட்பாண்டக் கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். அந்தப் பக்கம் இப்படிப்பட்ட கூடங்கள் நிறைய உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கி, வருடக்கணக்காக ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்த பலன் அது. ஆனால் அவர்கள் வழி வேறு. ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல்போல இறுகும் மண்பாண்டம், சுமார் 1300 டிகிரி. என் வேலைக்கு 1050ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கிளேஸ் இளகி ஓடிக் கோட்டை விழுங்கிவிடும். கூடத்தை நடத்தும் தம்பி சொன்னார்: "அக்கா, இங்கே எல்லாரும் மேலே ஏறப் பார்க்கிறார்கள். நீங்கள் மட்டும் இறங்கி வருகிறீர்கள்." இருந்தாலும் பழைய மின்சூளை ஒன்றை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

முதல் தவறு தேங்காய் எண்ணெய். வீட்டில் இருப்பதுதானே என்று மாங்கனீஸ் டைஆக்சைடை அதில் குழைத்தேன். வைகாசி மாத வெயிலில் அது தண்ணீராக ஓடியது. ஒருமுறை சுட்ட மண் பிஸ்கட் மாதிரி, எதையும் உறிஞ்சும். ஒரு மில்லிமீட்டர் கோடு கண்ணெதிரிலேயே அரை அங்குலத்துக்கு ஊறிப் பரவியது. கறுப்பு நடுவில் நின்றது. எண்ணெய் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் இருபுறமும் போய்விட்டது. அதன்மேல் நீலத்தை ஊற்றினால் நீலம் கோட்டுக்கு வெகுதூரத்திலேயே பயந்து நின்றது. சுட்டு எடுத்தபோது டைல் முழுக்கச் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

ஆளிவிதை எண்ணெய் கெட்டி, காய்ந்தால் படலமாகிவிடும். அதற்கு மாறினேன். இப்போது கடையில் விற்கும் மெழுகுக் கரைசலையும் பயன்படுத்துகிறேன், சுத்தமான வேலை அது. வெறும் மாங்கனீஸை மட்டும் போட்டால் சுட்ட பிறகும் விரலில் கறுப்பு ஒட்டியது. பிரிட் என்னும் கண்ணாடித் தூள் ஒரு சிட்டிகை சேர்த்ததும் அது நின்றது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மாங்கனீஸ் தூளை மூச்சில் இழுத்தால் நரம்புக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். சூளை எரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசவும் வேண்டாம்.

கோலத்தில் நன்றாகக் கை ஓடுகிறவர்கள் இதைச் சுலபம் என்று நினைப்பார்கள். கோலத்தில் கை நடுங்கினால் காலால் அழித்துவிடலாம். எண்ணெய் மண்ணுக்குள் இறங்கினால் இறங்கியதுதான். சுரண்டினாலும் போகாது. மறுபடி சூளையில் வைத்து எரித்தால்தான் டைல் திரும்பக் கிடைக்கும். அதனால் நான் நேரடியாக வரைவதில்லை. டிரேசிங் தாளில் படத்தை வரைந்து, கோட்டின்மேல் குண்டூசியால் நெருக்கமாகத் துளையிட்டு, மெல்லிய துணியில் கரித்தூளைக் கட்டித் தட்டுகிறேன். டைலில் புள்ளிகள் விழும். கரி சூளையில் எரிந்துவிடும், கவலை இல்லை. அப்புறம் ரூலிங் பேனா. அதன் இரண்டு அலகுகளின் இடைவெளியைத் திருகால் கூட்டிக் குறைத்துக் கோட்டின் தடிமனை நிர்ணயிக்கலாம். வட்டத்துக்கு அதே அலகு பொருத்திய காம்பஸ். மண்ணின் சொரசொரப்பில் அலகு தேய்கிறது என்பது உண்மை. முதலில் டைலை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்வேன். ஒரு மில்லிமீட்டர் கோடு என் கண்ணுக்கு அழகு, ஆனால் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் உருகும்போது கை கோத்துக்கொள்கின்றன. இரண்டு மில்லிமீட்டரில் சமாதானம் ஆனேன்.

கிளேஸ் நிரப்புவதுதான் இதில் சுகமான கட்டம். பதம் மோர்க்குழம்புக்கும் தோசை மாவுக்கும் நடுவே. ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, கட்டத்தின் நடுவில் ஒரு சொட்டு விட்டு, மெல்ல ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் அது தானாக நிற்கும். இன்னும் விட்டால் தாண்டாது, மேலே எழும். நிறைகுடத்து நீர் விளிம்புக்கு மேல் உப்பி நிற்பதுபோல. இன்னும் ஒரு சொட்டு விட்டால் உடைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். அந்த ஒரு சொட்டு எது என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நிரப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்று தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

நிறம் என்று வரும்போது தகராறு. கோபால்ட் நீலம், தாமிரப் பச்சை, இரும்புத் தேன்நிறம், வெள்ளீய வெள்ளை. 1500 வாக்கில் ஸ்பெயினின் செவில்லா நகரத்துக் கைவினைஞர்கள் கையாண்டதும் ஏறக்குறைய இந்த நிறங்களைத்தான். தனித்தனியே ஒவ்வொன்றும் நல்ல பிள்ளை. ஒரே டைலில், ஒரே சூட்டில் போட்டால் கூட்டுக்குடும்பம். தாமிரம் கிளேஸை இளக்கும்; வெள்ளீயம் அதைக் கெட்டியாக்கும். வெள்ளை நன்றாக உருகும் சூட்டில் பச்சை ஓடப் பார்க்கிறது. பச்சைக்குச் சரியான சூட்டில் வெள்ளை ஊசித்துளைகளோடு முரட்டுத்தனமாக நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சூட்டைப் பிடிக்க எனக்கு ஏழு சூளைகள் ஆயின. எதுவும் அதன் உச்ச அழகில் இல்லை. எல்லாம் பரவாயில்லை என்கிற அழகில் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் பழைய ஆட்கள் எனக்கு நெருக்கமானார்கள். ஈரானில் இதற்கு ஹஃப்த் ரங்கி, 'ஏழு நிறம்', என்று பெயர். அதற்கு முன்னால் பெருமைக்குரியதாக இருந்தது வெட்டு மொசைக்: ஒவ்வொரு நிறத்தையும் தனி டைலாக, அதற்கு உகந்த சூட்டில் சுட்டு, உளியால் இலையாகவும் பூவாகவும் வெட்டிச் சேர்ப்பது. நிறம் ஜொலிக்கும், வேலையோ முடியாது. இஸ்பஹானில் ஷா அப்பாஸ் 1611இல் பெரிய மசூதியைத் தொடங்கினார். சதுக்கத்தைப் பார்த்த நுழைவாயில் வெட்டு மொசைக். உள்ளே போனால் பெரும்பாலும் ஏழு நிறம். அரசருக்கு அவசரம், சுவரோ ஏக்கர் கணக்கில். 'தரம் இறங்கிவிட்டது' என்று எழுதும் கலை வரலாற்றாசிரியர்கள் உண்டு. அவர்கள் யாரும் மார்ச் 31க்குள் எஸ்டிமேட் வரைபடங்களை முடித்துக் கொடுத்த அனுபவம் இல்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றும். அவசரத்தில் கோடு கெடாமல் காப்பாற்றியவர்கள் எனக்குப் பெரியவர்கள்.

அவசரம் இல்லாமலும் இதைச் செய்திருக்கிறார்கள் என்பதற்குத் துருக்கியின் பூர்சா நகரத்துப் பச்சை மசூதி இருக்கிறது, 1420களில் வேலை முடிந்தது. அதன் மிஹ்ராபில், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடத்தில், 'தப்ரீஸ் ஆசான்களின் வேலை' என்று பொறித்திருக்கிறார்கள். மேலே சுல்தான் அமரும் மாடத்தில் இன்னொருவர் தன் பெயரைத் தனியே விட்டுப் போயிருக்கிறார்: முகமது அல்மஜ்னூன். பித்தன் முகமது. கையெழுத்தே அப்படி. அவர் சூளையை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அந்தப் பட்டம் எப்படி வந்திருக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது.

பானை, குவளைகளில் இதை அதிகம் செய்யாமல் டைலிலேயே நின்றுவிட்டேன். படுக்கையாக வைத்துச் சுடுவதால் டைலில் கிளேஸுக்கு ஓட இடம் இல்லை. செங்குத்தான வயிற்றில் அது கீழே இறங்கிக் கோட்டைத் தாண்டிக் குதிக்கிறது. ஒரே ஒரு தட்டம் மட்டும் நன்றாக வந்தது: நடுவில் மாதுளை, சுற்றிலும் தேன்நிற வளையம். அதைப் பார்த்ததும் நாத்தனார் கேட்டார்: "அண்ணி, இதில் வெற்றிலை பாக்கு வைத்தால் எடுப்பாக இருக்குமே?" கூடாது என்றேன். கறுப்புக் கோட்டின்மேல் கண்ணாடி மூடியில்லை. சுண்ணாம்பும் ஈரமும் அதில் போய் உட்காரும், மாங்கனீஸ் வாய்க்குப் போக வேண்டிய பொருளும் அல்ல. முகம் கொஞ்சம் வாடிவிட்டது. இப்போது அந்தத் தட்டம் அவர் வீட்டு வாசல் அலமாரியில் சாவி தாங்குகிறது. எனக்குத் தெரியாமல் ஒரு விசேஷத்தில் சந்தனக் கிண்ணத்தை அதில் வைத்துச் சுற்றி வந்ததாகக் கேள்வி. சந்தனம் சாப்பிடும் பொருள் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

சமையலறைத் திண்டுக்குப் பின்னால் பதிக்க 24 டைல்கள் செய்துகொண்டிருக்கிறேன், ஆறுக்கு நான்கு. புங்க இலைகளும் கிளிகளும். போன சனிக்கிழமை மூன்றாவது தொகுதியை இறக்கினோம். எட்டில் ஏழு பழுதில்லை. எட்டாவதில் கிளியின் வாலுக்குப் பக்கத்தில், அகன்ற நீலப் பரப்பின் நடுவே, கிளேஸ் பிடிக்காமல் செங்காவி மண் தெரிகிற ஒரு நீள்வட்டம். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். அதற்குக் கிளேஸ் நிரப்பிய சனிக்கிழமை காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது ஞாபகம் வந்தது.

தம்பி அந்த இடத்தில் நீலம் தடவி மறுபடி சுடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.