விவாகரத்து: வக்கீல் ஆபீஸ் படியேறுவதற்கு முன்னும் பின்னும்

இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, “இனி உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை” என்று பிரிந்துகொள்வது இன்றும் நடக்கிறது. மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததையே விவாகரத்து என்று நம்பிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் சட்டத்தில் மதிப்பு கிடையாது. வழக்காற்றுப்படி தீர்த்துவிடும் முறையை இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அது முடியாமல், பத்திரத்தை நம்பி இரண்டாம் கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணமும் செல்லாது, இருதார வழக்கும் கூடவே வரும்.

இங்கே எழுதுவது 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளைப் பற்றி. சுயமரியாதைத் திருமணமும் 7ஏ பிரிவின்படி இதில் அடங்கும். பதிவுத் திருமணத்துக்கு 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டமும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ன் சட்டமும் தனி. முஸ்லிம் பெண்கள் 1939-ன் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகலாம்.

எந்த ஊர் கோர்ட் என்பதுதான் முதல் முடிவு. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர், இவற்றில் எங்கும் போடலாம். மனைவி மனு போட்டால், 2003 திருத்தத்துக்குப் பிறகு, அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். கணவர் கோவையில் வழக்குப் போட, மனைவி கைக்குழந்தையோடு திருநெல்வேலியில் இருந்தால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனு போட வழி இருக்கிறது. வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றம்தான் மாற்ற முடியும்.

இருவரும் ஒத்துப்போகும் பரஸ்பர வழக்கு 13பி பிரிவில் வரும். அதற்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து என்றால் வேறு வேறு வீடு என்றில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் போதும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனு தாக்கலான நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும்.

அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதைப் பாதி மட்டும் படித்துவிட்டு, “பத்து நாளில் வாங்கித் தருகிறேன்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்பில் நிபந்தனைகள் உண்டு. ஓராண்டுப் பிரிவும் அதற்கு மேல் அந்த 6 மாதமும், ஆக ஒன்றரை வருடம், மனு போடும்போதே கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும், தள்ளுபடி செய்வதா இல்லையா என்பது நீதிபதியின் விருப்புரிமை.

பரஸ்பர வழக்குகள் சிக்குவது பெரும்பாலும் காத்திருப்பில் அல்ல, ஒப்பந்தம் எழுதுவதில். “நிரந்தர ஜீவனாம்சமாக ரூ.15 லட்சம் தர ஒப்புக்கொள்கிறார்” என்று ஒற்றை வரியில் விட்டால் தகராறு அந்த வரியிலிருந்தே தொடங்கும். எப்போது, யாருக்கு, எந்த வடிவில் என்று இருக்க வேண்டும். மனு தாக்கலாகும் அன்று 5 லட்சம். 498ஏ வழக்கு (மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான கிரிமினல் வழக்கு; 2024 ஜூலை முதல் நடந்தவற்றுக்கு பி.என்.எஸ். என்ற புதிய சட்டத்தின் 85-வது பிரிவு) நிலுவையில் இருந்தால், அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் போடும் மனுவுக்கு மனைவி சம்மதப் பிரமாணப் பத்திரம் தரும் அன்று 5 லட்சம். இரண்டாம் முறை வாக்குமூலம் தரும் நாளில் நீதிபதி முன்னிலையில் மீதி 5 லட்சம். இப்படிக் கட்டம் பிரித்து எழுதுவது ஏனென்றால், தீர்ப்பு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தவரும் மாட்டுவார், எல்லா வழக்கையும் முதலிலேயே வாபஸ் வாங்கியவரும் மாட்டுவார். அதுபோக, 498ஏ இரு தரப்பும் சமரசம் என்று எழுதிக் கொடுத்தால் கீழ்க் கோர்ட்டிலேயே முடிந்துபோகிற குற்றம் இல்லை. விவாகரத்து கிடைத்த பிறகும் கிரிமினல் வழக்கு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். டி.டி. எடுத்து “வக்கீலிடம் இருக்கட்டும்” என்று முதல் நாளே கொடுத்துவைப்பார்கள். டி.டி.யின் ஆயுள் 3 மாதம், காத்திருப்பு 6 மாதம். இரண்டாம் வாய்தாவில் காலாவதியான டி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பும் கோர்ட் வராந்தாவில் முறைத்துக்கொண்டு நிற்கும்.

நகையை “சீர் பொருட்கள் அனைத்தும்” என்று எழுதாதீர்கள். ஆரம் 5 பவுன், வளையல் 4, என்று பட்டியல் போட்டு, திருப்பித் தந்ததற்கும் பெற்றுக்கொண்டதற்கும் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். குழந்தையை “அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்ற வரி அடுத்த வழக்குக்கு விதை. முதல், மூன்றாம் ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, எங்கே ஒப்படைப்பது, முழுப் பரீட்சை லீவில் எத்தனை நாள், பாஸ்போர்ட் எடுக்க யார் கையெழுத்து, இவ்வளவும் வேண்டும். “குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைப் பறிக்காது. இருவர் பேரிலும் வீட்டுக் கடன் இருந்தால், “இனி அவரே கட்டுவார்” என்ற உங்கள் ஒப்பந்தம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. அதை வங்கியிடம்தான் போய்த் தீர்க்க வேண்டும்.

ஒத்துவராவிட்டால் 13-வது பிரிவு. கல்யாணமாகி ஓராண்டு ஆகாமல் மனு போட முடியாது. மிக அபூர்வமாக, தாங்க முடியாத துன்பம் என்று காட்டினால்தான் விலக்கு. கொடுமை, இரண்டாண்டு கைவிட்டுப் போனது, வேறு உறவு, மதமாற்றம் என்று காரணங்கள் சட்டத்திலேயே எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. “சேர்ந்து வாழ முடியாது, திருமணம் முறிந்துவிட்டது” என்பது அந்தப் பட்டியலில் இல்லை. முறிந்துபோன திருமணத்துக்கு விவாகரத்து தரலாம் என்று 2023 மே மாதம் வந்த ஷில்பா சைலேஷ் தீர்ப்பைச் சொல்வார்கள். அது அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். உங்கள் ஊர் குடும்ப நல நீதிமன்றம் அதைப் பயன்படுத்த முடியாது.

ஆகவே மனு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. “எதிர்மனுதாரர் மனுதாரரை மனதளவிலும் உடலளவிலும் கொடுமைப்படுத்தினார்” என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும், எதையும் நிரூபிக்காது. எந்த மாதம், எந்த வீடு, யார் கூட இருந்தார்கள், அன்று ஆஸ்பத்திரி போனதுண்டா, சீட்டு இருக்கிறதா, போலீஸில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினீர்களா என்று கேட்டு எழுதுகிற வக்கீலே நல்ல வக்கீல். மனுவில் சொல்லாத சம்பவத்தைச் சாட்சிக் கூண்டில் புதிதாகச் சொன்னால் குறுக்கு விசாரணையில் உரித்துவிடுவார்கள்.

தாமதம் எங்கே என்றால், முதலில் நோட்டீஸ். பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்ட மறப்பது, பழைய முகவரி கொடுப்பது, இதிலேயே மூன்று நாலு வாய்தா போகும். நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “வாங்க மறுத்தார்” என்று தபால்காரர் எழுதினால் சேர்ப்பிக்கப்பட்டதாகத்தான் அர்த்தம். வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதரப்புத் தீர்ப்பு. அதை நீக்க 30 நாளுக்குள் மனு போட வேண்டும், வராததற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

அடுத்தது கவுன்சிலிங். தவிர்க்க முடியாது, தவிர்த்தால் உங்களைப் பற்றித்தான் தப்பாகப் பதியும். பிறகு இடைக்கால ஜீவனாம்சம். 24-வது பிரிவில் 60 நாளில் முடிக்க வேண்டும் என்று இருந்தாலும் நடைமுறையில் இழுக்கும். 2020-ன் ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் சிக்குவது இந்தப் பத்திரத்தில்தான்: பேங்க் ஸ்டேட்மென்ட் ஒன்று சொல்லும், கையெழுத்து வேறொன்று சொல்லும்.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் நம்பாதீர்கள். போனையே ரீசெட் பண்ணாமல் வைத்திருங்கள். மின்னணு ஆவணத்துக்கு உரிய சான்றிதழ் இணைக்க வேண்டும். ரகசியமாகப் பதிவு செய்த பேச்சையும் திருமண வழக்கில் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெட்டி ஒட்டியதென்று தெரிந்தால் மொத்தமும் கெடும்.

இனி வக்கீல். 1984-ன் குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி வக்கீல் வைப்பது உரிமை அல்ல, கோர்ட்டின் அனுமதி வேண்டும். அனுமதி பொதுவாகக் கிடைத்துவிடும். குடும்ப வழக்கை வாராவாரம் நடத்துகிறவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிலத் தகராறில் புலியாக இருக்கும் சொந்தக்காரர் வக்கீல் இங்கே உதவுவார் என்று சொல்ல முடியாது.

முதல் சந்திப்புக்கு அழுகையைவிட இரண்டு பக்கக் காகிதம் அதிகம் உதவும். இடது பக்கம் தேதி, வலது பக்கம் நடந்தது, அதற்கான ஆதாரம். கூடவே கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, ஆதார் நகல். ஆதாரில் “செல்வி. எஸ்”, பத்திரிகையில் “தமிழ்ச்செல்வி” என்று இருந்தால் அப்போதே சொல்லுங்கள். இல்லையென்றால் மனு கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகாமல் ரிட்டர்ன் வரும். உங்களுக்குப் பாதகமானதையும் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து அவர் அதை முதல் தடவை கேட்கக் கூடாது.

வாய்தாவுக்கு அவரே வருவாரா ஜூனியரை அனுப்புவாரா, ஃபீஸ் மொத்தமாகவா கட்டம் கட்டமாகவா, ஜீவனாம்ச மனுவும் குடும்ப வன்முறை வழக்கும் அதில் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். தாக்கலுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவது இருவருக்கும் நல்லது. கிடைக்கும் ஜீவனாம்சத்தில் பங்கு என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். பரஸ்பர வழக்கில் இருவருக்கும் ஒரே வக்கீல் என்பது சிக்கனமாகத் தெரியும். ஒப்பந்தத்தையாவது தனித்தனியாக இன்னொருவரிடம் காட்டிப் படியுங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வக்கீலை நியமிக்கும் வக்காலத்திலும் பெயரும் வழக்கு விவரமும் நிரப்பிய பிறகே போடுங்கள். மனு நம்பர் ஆனதும் எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் அடையாள எண்) கேட்டு வாங்கிக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது, போன தடவை என்ன நடந்தது என்று நீங்களே பார்க்கலாம். “ஜட்ஜ் லீவு” என்று சொன்னது உண்மையா என்பதும் தெரிந்துவிடும். வக்கீலை மாற்றினால் ஃபீஸ் பாக்கியைக் காட்டி வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்துவைக்க பழைய வக்கீலுக்கு உரிமை இல்லை, 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. உதவி எண் 15100.

தீர்ப்பு வந்த அன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டு, சான்றிட்ட நகல் மூன்று நாலு வாங்கி வையுங்கள். பரஸ்பரத் தீர்ப்புக்கு அப்பீல் இல்லை. மற்றதில் அப்பீல் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, திருமணச் சட்டம் 90 என்கிறது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் 90 நாளை எண்ணி, அப்பீல் ஏதும் தாக்கலாகவில்லை என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஃப்., எல்.ஐ.சி. நாமினி பெயரை மாற்றும் வேலையையும் அந்த 90 நாளிலேயே முடித்துவிடலாம்.